அஞ்சே நிமிஷத்தில் பல்பு மாற்றுவது எப்படி

‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், பல்பைப் பிடித்து வைக்கிற கம்பி கிளிப் காணாமல் போய்விட்டது.

முருகவேல் தன் விரல்களைப் பார்த்தார். ஒரு விநாடி முன்புவரை அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில்தான் அது இருந்தது. இப்போது கறுப்பு மசி மட்டும் இருந்தது. காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பேட்டரி தெரிந்தது, என்னென்னவோ குழாய்கள் தெரிந்தன, காய்ந்த வேப்பிலை ஒன்றுகூடத் தெரிந்தது. கிளிப்பை மட்டும் காணோம்.

“அருணா, இங்க ஒரு கம்பி விழுந்துச்சே, பாத்தியா?”

“எங்கங்க?”

“எங்கன்னு தெரிஞ்சா உன்ன எதுக்குக் கூப்பிடறேன்?”

அருணாதேவி ஈரத்தலையைத் துண்டில் முடிந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். காரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மதில்மேல் சாய்த்து வைத்திருந்த கைபேசியைப் பார்த்தாள். அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தான். ‘அஞ்சே நிமிஷத்துல வீட்லயே ஹெட்லைட்டு பல்பு மாத்தலாம் மக்களே!’ என்பது அவன் வாக்கு. முருகவேல் ஆரம்பித்து ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் படுபாவியின் சட்டையில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வுட்டுடுங்களேன். பஸ்லயே போயிக்கலாம்” என்றாள் அருணாதேவி.

“பஸ்ஸா?” முருகவேல் நிமிர்ந்தார். பானெட் தலையில் ‘ணங்’ என்று இடித்தது. வலியைவிட அந்த வார்த்தைதான் அவரை அதிகமாகத் தாக்கியது.

வேறு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அவரும் போடா கழுதை என்று விட்டிருப்பார். ஆனால் இன்றைக்குக் கீழ்பென்னாத்தூரில் அவருடைய தங்கை சரோஜாவின் இளைய மகள் தேவிப்ரியாவுக்குப் பெண்ணழைப்பு. நாளை காலையில் முகூர்த்தம். இன்று மாலை ஏழு மணிக்குத் தாய்மாமன் சீர். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மேடையேற்ற மாட்டார்கள். அந்தத் தாய்மாமன்தான் இப்போது பனியனும் லுங்கியுமாக வேங்கிக்காலில் கிளிப் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் கல்யாணத்துக்கு அவர் ஒன்பது சீர்த்தட்டோடு டவுன் பஸ்ஸில்தான் போனார். மண்டபத்து வாசலில் மேளதாளத்தோடு எதிர்கொண்டு அழைக்கிறார்கள். மாலையும் கழுத்துமாக முருகவேல் கம்பீரமாக நடக்கிறார். பின்னாலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் இறங்கி ஓடி வருகிறார். “யோவ், சீர்த்தட்டுக்கு லக்கேஜ் டிக்கெட்டு எடுத்த ஆளு யாருய்யா? ஒரு தட்ட சீட்டுலயே வுட்டுட்டுப் பூட்டியே!” என்று அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் சிரித்துவிட்டார். நாதஸ்வரத்தை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தால் என்ன சத்தம் வருமோ அது வந்தது.

தங்கை புருஷன் பலராமனுக்கு அன்று கிடைத்த கதை அது. காதுகுத்து, கிரகப்பிரவேசம், கருமாதி எதையும் விடாமல் ஆறு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். புதிதாக யாராவது முருகவேலுக்கு வணக்கம் சொன்னால் போதும், “நம்ம லக்கேஜ் டிக்கெட்டு மச்சான்தான்!” என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்த வாயை அடைக்கத்தான் முருகவேல் ஐம்பத்தைந்தாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும், மூன்று மாதம் முன்பு பதினோரு வருஷத்துப் பழைய சாம்பல் நிறக் காரை வாங்கியதும். இருட்டுகிற நேரத்தில், மண்டபத்து வாழைமரத்தின்மேல் இரண்டு ஹெட்லைட்டும் பளீரென்று அடிக்க, சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். பலராமன் கண் கூச வேண்டும். இதுதான் அவர் மூன்று மாதமாகக் கண்ட கனவு.

ஓட்டுவதில் அவரைப் போல நிதானமான ஆள் வேங்கிக்காலிலேயே கிடையாது. இது அவரே சொல்வது. எதிரே பஸ் வந்தால் ஓரம் ஒதுங்கி நிறுத்திவிடுவார். பின்னால் வந்தாலும் நிறுத்திவிடுவார். இருட்டில் எதிர்வண்டி வெளிச்சம் முகத்தில் அடித்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு “அண்ணாமலையாரே” என்பார். வண்டி கடந்துபோன சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பார். அந்த நேரத்தில் கார் நின்றுகொண்டிருக்குமா என்று கேட்டால், பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும். போன மாதம் பலராமன் வீட்டு மாட்டுக்கொட்டகையின் கால் ஒன்று சாய்ந்ததற்கும் அவர் காரணமில்லை. கார் திரும்புகிற இடத்தில் யாரோ கொட்டகையைக் கட்டி வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட காரில் முந்தாநாள் சாயங்காலம் பார்த்தால் ஹெட்லைட் இரண்டும் எரியவில்லை. இண்டிகேட்டர் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஹெட்லைட் மட்டும் குருடு.

“ரெண்டும் ஒரே நாள்ல எப்படி அருணா பூடும்?”

“கண்ணுதாங்க. ஊர்க்கண்ணு. திருஷ்டி பட்ட வண்டிய எடுக்கக் கூடாது” என்று அவள் அன்றைக்கே சொன்னாள். அவர் கேட்கவில்லை. ஆள் கேட்கிற ஜாதியாக இருந்தால் கதை ஏது?

“பகல்லயே கெளம்பிட்டா லைட்டு வேணாமே” என்று அவளே இப்போது இன்னொரு வழியும் சொல்லிப் பார்த்தாள்.

“மத்தியான சோத்துக்கே வந்து உக்காந்துட்டான் தாய்மாமன்னு அதுக்கு ஒரு கதை கட்டுவாரு அந்தப் பலராமன். போ, போய் ஒரு ஹேர்பின் எடுத்தா.”

காணாமல் போன கிளிப்புக்குப் பதிலாக அருணாதேவியின் ஹேர்பின்னை வளைத்து மாட்டுவது என்பது முருகவேலின் சொந்த யோசனை. வெள்ளைச் சட்டைக்காரனுக்குக்கூடத் தோன்றாதது. அவர் வளைத்துக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு இருசப்பன் வந்து சேர்ந்தார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். காலை பதினோரு மணிக்கே பட்டுவேட்டி, சந்தனம், தோளில் ஜரிகைத் துண்டு.

“இன்னா முருகவேலு, காலைலயே ஆபரேஷனா?”

“வாங்கண்ணே. பல்பு மாத்தறேன்.”

“முப்பது வருஷம் டிரைவருக்குப் பக்கத்துலயே நின்னவன் நானு. என்னாண்ட ஒரு வார்த்தை கேக்க வாணாமா?” என்றபடி தட்டில் இருந்த புது பல்பைக் கையில் எடுத்தார்.

“ஐயய்யோ! கண்ணாடியத் தொடாதீங்கண்ணே!” முருகவேல் அலறினார். “கைரேகை பட்டா பல்பு பூடும்னு வீடியோல சொன்னான்.”

“ரேகையா? தொடைச்சாப் பூடுது.” இருசப்பன் பல்பின்மேல் ‘ஹா’ என்று ஊதினார். மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை போட்டுத் துண்டால் பரபரவென்று தேய்த்தார். “குத்துவிளக்கே விபூதி போட்டாதான் பளிச்சுனு ஆவும். இது இன்னா, சுண்டைக்கா பல்பு.”

அண்ணாமலையார் கோயில் ஊரில் விபூதியை வேண்டாம் என்று எவனால் சொல்ல முடியும்? முருகவேல் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விபூதி பல்பை இடதுபக்கம் மாட்டினார். இன்னொன்றைக் கை படாமல் அடுப்படி இடுக்கியால் பிடித்து வலதுபக்கம் மாட்டினார். உள்ளே போய் உட்கார்ந்து குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு சுவிட்சைத் திருகினார்.

“எரியுதாண்ணே?”

“இல்லபா.”

“இப்ப?”

“இப்பவும் அதேதான்.”

“நல்லா பாருங்கண்ணே, வெயில்ல தெரியாது.”

இருசப்பன் ஜரிகைத் துண்டை விரித்து லைட்டை மூடி, அதற்குள் தலையை விட்டுப் பார்த்தார். “உள்ள அமாவாசையா கீதுபா” என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. பலராமன்.

“இன்னா மச்சான், லைட்டு எரிஞ்சுதா?”

முருகவேலுக்குச் சுருக்கென்றது. “உங்களுக்கு யாரு மாப்ள சொன்னது?”

“காத்துவாக்குல வந்துச்சு. எரியலதானே?”

“இப்ப எரிஞ்சுடும்.”

“இப்ப வரைக்கும் எரியலல்ல?”

“இல்ல.”

“சரி சரி” என்று பலராமன் ஒரு பெரிய மூச்சு விட்டார். சிரிப்பை அடக்குகிற மூச்சாக முருகவேலுக்குப் பட்டது. “பொறுமையா பாருங்க மச்சான். அவசரமே இல்ல.”

அவசரமே இல்லையாம்! போனை வைத்த கையோடு முருகவேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, விபூதி பல்பைக் கழற்றி அதன் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். தெரிந்த மெக்கானிக்குகள் எல்லோருக்கும் ஞாயிறு லீவு. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பாலாஜி மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு இட்லி தின்றுகொண்டிருந்தார். பல்பை வாங்கி, கடை பேட்டரியில் இரண்டு ஒயரை வைத்தார். பல்பு சூரியன் மாதிரி எரிந்தது.

“தங்கமாட்டம் எரியுது சார்” என்ற பாலாஜி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். “இன்னா சார், விபூதி வாசனை வருது?”

“அது இருக்கட்டும். வண்டில மட்டும் ஏன் எரியல?”

“வண்டிய எடுத்தாந்து காட்டுங்க. ரெண்டு நிமிஷத்துல சொல்லிடறேன்.”

முருகவேல் தெருவைப் பார்த்தார். ஆட்டோ, பஸ், இளநீர் வண்டி, நடுரோட்டில் படுத்திருந்த ஒரு மாடு. இதற்குள் காரைக் கொண்டுவருவதா? நிதானமான ஆள் செய்கிற வேலையா அது?

“வண்டி... ஸ்டார்ட் ஆவல” என்று ஒரு பொய்யைச் சொன்னார்.

“ஓ! அப்ப ஒயரிங்லயே கோளாறு. பல்பு மாட்டற ஹோல்டர் துரு புடிச்சிருக்கும். உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ங்க.”

ஒரு பொய்க்கு ஒரு வைத்தியம் கிடைத்தது. அந்த வைத்தியத்தை முருகவேல் வீட்டுக்குக் கொண்டுவந்து முழு மனசோடு செய்தார். பதினோரு வருஷம் என்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. நாலாவது தேய்ப்பில் ஹோல்டர் இரண்டாகப் பிளந்து, மூன்று ஒயர்கள் நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே வந்தன.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானாலாவது ஒரு உருவம் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

வெள்ளைச் சட்டைக்காரனிடம் இதற்கும் ஒரு வீடியோ இருந்தது. ‘பத்தே நிமிஷத்துல பம்பரைக் கழட்டலாம் மக்களே!’ பம்பரைக் கழற்றினால் லைட்டைப் பெட்டியோடு வெளியே எடுக்கலாம். எடுத்தால் ஒயரை ஒழுங்காகச் சேர்க்கலாம். காணாமல் போன கிளிப்பும் கிடைக்கலாம்.

முருகவேல் கலெக்டர் ஆபீஸில் ரெக்கார்டு செக்‌ஷன். எதையும் ஒழுங்குமுறைப்படிதான் செய்வார். ஒவ்வொரு ஸ்குருவையும் கழற்றி, ஒவ்வொரு பழுப்புக் கவரில் போட்டு, ‘இடது மேல் 1’, ‘இடது மேல் 2’ என்று எழுதி, கைக்குக் கிடைத்த பெரிய தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கினார். கவர் இருபத்தொன்று ஆனபோது பம்பர் ‘தொப்’பென்று காலில் விழுந்தது.

“அடப்பாவி மனுஷா!” என்ற சத்தம் பம்பர் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. அருணாதேவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “சீர்த்தட்டுங்க அது! காலைலதான் புளி போட்டுத் தேச்சு வெச்சேன்!”

“ஒரு தட்டுதானே. இதோ குடுத்துடறேன்.”

“மஞ்சள் குங்குமம் வெக்கற தட்டுல ஸ்குருவா வெப்பாங்க?” அவள் தட்டைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். இருபத்தொரு கவரும் தரையில் சிதறின. ஒட்டாத கவர்களிலிருந்து ஸ்குருக்கள் விடுதலையாகி மழைநீர்க் குழி வரைக்கும் உருண்டு ஓடின. ஒழுங்குமுறை அத்தோடு முடிந்தது.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. இதற்குள் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. வேடிக்கை பார்க்கிற கூட்டம் இல்லை. கிளம்பி வந்த கூட்டம். இருசப்பனோடு அவர் சம்சாரம் தாழம்பூ நிறப் பட்டில். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் இரண்டு மருமகள்களோடும் மூன்று பேரப்பிள்ளைகளோடும். மூன்றாம் வீட்டு ஆதவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு. எல்லோர் தலையிலும் மல்லிகை, எல்லோர் முகத்திலும் பவுடர். நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

முருகவேல் ஸ்குரு பொறுக்கியபடியே எண்ணினார். பதினாலு பேர். காரில் ஐந்து பேர் போகலாம்.

“ஏம்மா கன்னியம்மா, நீங்கள்லாம் எப்படி வர்றீங்க?”

“உன்கூடத்தாம்பா. தாய்மாமன் சீருன்னா தெருவே திரண்டு வர வாணாமா?” என்றாள் கன்னியம்மாள் வெற்றிலையை மடித்தபடி.

முருகவேலுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கார் இப்படி வாய் பிளந்து கிடக்கும்போதும், இதை இவன் சரிசெய்துவிடுவான் என்று பதினாலு பேர் பட்டுக் கட்டி உட்கார்ந்திருக்கிறார்களே! இந்த நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“நாலு நடை அடிக்க வேண்டியிருக்கும்” என்றார் கவலையோடு.

“எழுபது பேர ஒரே பஸ்ல ஏத்தினவன் நானு. கொள்ளும் கொள்ளும், நீ வேலையப் பாரு” என்றார் இருசப்பன்.

அந்த உற்சாகத்தில்தான் அவர் ஒயர்களைச் சேர்த்தார். மூன்று ஒயர், அதற்கு ஆறு வழி. முதல் வழியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வழியில், எந்த ஒயரின் தோலை எப்போது உரித்தாரோ, ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

நிற்கவில்லை. கன்னியம்மாளின் கடைசிப் பேரன் கதற ஆரம்பித்தான். தெருநாய்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஊளையிட்டன. மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து ஏதோ சொன்னார். நல்லவேளை, ஹாரனில் அது கேட்கவில்லை.

“பேட்டரியப் புடுங்குபா!” என்று இருசப்பன் கத்தினார்.

முருகவேல் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். உலகமே அமைதியானது. ஹாரன் ஒயரைத் தனியாக இழுத்து விட்டுவிட்டு, பேட்டரியை மறுபடி மாட்டினார்.

‘டக்’ என்று நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

சாவி உள்ளே. பின்சீட்டில் தேவிப்ரியாவுக்கு எடுத்த பட்டுப்புடவையும், சற்றுமுன் பூக்கடையிலிருந்து வந்த ரோஜா மாலையும் உள்ளே. முன்கூட்டியே கொண்டுபோய் அங்கே வைத்தது வேறு யாருமில்லை, ஒழுங்குமுறைக்காரர்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மாலை நன்றாகத் தெரிந்தது. வெயிலில் வேர்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

மறுபடி போன். பலராமன்.

“மச்சான், எரிஞ்சுடுச்சா?”

“மாப்ள, நானே பேசறேன், வைங்க!”

“எரியலதானே? அது மட்டும் சொல்லுங்க, வெச்சுடறேன்.”

முருகவேல் போனை அணைத்தார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும்போது, மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டு வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற பிறவி உண்டா?

“கண்ணாடிய ஒடைச்சுடலாமா?” என்றான் ஆதவன்.

“தள்ளுங்க” என்று ஒரு குரல் கேட்டது. அருணாதேவி கையில் தோசைத் திருப்பி. மாலை வாடாமல் இருக்க நாலு விரல் அளவுக்கு இறக்கி விட்டிருந்த கண்ணாடி இடுக்கில் மெலிந்த கையை முழங்கைவரை விட்டாள். வளையல்கள் நொறுங்கப் பார்த்தன. தோசைத் திருப்பியின் நுனியால் கதவுக்குள் எதையோ நெம்பினாள். ‘டக்.’ கதவு திறந்தது.

“காரப் பத்தி உனக்கு எப்படிடி இவ்ளோ தெரியும்?” என்று முருகவேல் வாய்பிளந்தார்.

“எனக்கு என்னங்க தெரியும்? தோச திருப்பத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் மாலையையும் புடவையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மணி நாலே முக்கால். முருகவேல் காரைப் பார்த்தார். முகம் இல்லாத கார். பம்பர் தரையில், லைட்டுப் பெட்டி இரண்டும் படியில், ஒயர்கள் காற்றில். ஆறு வழியில் இன்னும் நாலு வழி பாக்கி இருந்தது. அவருக்குத்தான் தெம்பு பாக்கி இல்லை. பம்பர்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்பதற்கு இதில் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. சரோஜா கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். அவள் பெண்ணுக்கு ஒருமுறையாவது தலைநிமிர்ந்து சீர் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தது ஒரு குற்றமா?

“இந்தத் தடவையும் டவுன் பஸ்தான் அருணா” என்றார். “இந்தத் தடவையும் லக்கேஜ் டிக்கெட்டுதான்.”

அருணாதேவி சேலை முந்தானையால் அவர் மூக்கில் இருந்த மசியைத் துடைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெருமுனையில் ஒரு ஹாரன் கேட்டது. மாவிலைத் தோரணம் கட்டிய ஒரு வேன் திரும்பி வந்து, வாசலில் அழகாக ஒடித்து நின்றது. நாற்காலிகளில் இருந்த பதினாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

“போய்க் குளிச்சுட்டு வாங்க. பதினஞ்சு நிமிஷம்தான். பட்டுவேட்டி கட்டில் மேல எடுத்து வெச்சிருக்கேன்” என்றாள் அருணாதேவி.

மண்ணெண்ணெய் போட்டு ஒரு தரம், சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவி, பட்டு உடுத்தி, முருகவேல் வெளியே வந்தபோது வேன் நிறைந்திருந்தது. பதினோரு சீர்த்தட்டும் பெண்கள் மடியில். குழந்தைகள் ஜன்னலோரத்தில். இருசப்பன் பழக்கதோஷத்தில் படிக்கட்டிலேயே நின்று, “உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் பக்கத்து முன்சீட்டு மட்டும் காலியாக இருந்தது. அது தாய்மாமன் இடம்.

கல்யாண சீசனில், கடைசி நேரத்தில், வேன்! நடந்ததை நினைத்துப் பார்க்கப் பார்க்க முருகவேலுக்குக் கண் கலங்கியது. ஏறும்போது பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“அருணா, நான் உன்ன சரியாவே புரிஞ்சுக்கலடி. மானத்தைக் காப்பாத்திட்டே.”

“சரி சரி, உக்காருங்க. நேரமாவுது” என்று அருணாதேவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வேன் அவலூர்ப்பேட்டை ரோட்டைப் பிடித்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு அது நிற்கவில்லை. முருகவேல்தான் பழக்கத்தில் காலால் தரையை ஒரு மிதி மிதித்துக்கொண்டார். டிரைவர் வளவன் கீழ்பென்னாத்தூர்க்காரன், கலகலப்பான ஆள். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பதினேழு பேர் பேச்சும் சிரிப்புமாக வேன் தேர் மாதிரி போனது. இந்தக் கூட்டத்தோடு போய் இறங்கினால் பலராமன் என்ன, அவர் பாட்டனே வாயைத் திறக்க முடியாது. நினைத்தபோது முருகவேலுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“தம்பி, சமயத்துக்கு வந்தப்பா நீ. அந்த லைட்டு மட்டும் எரிஞ்சிருந்தா நானே ஓட்டிட்டு வந்திருப்பேன். இன்னா கோளாறுன்னே கடைசி வரைக்கும் கண்டுபுடிக்க முடியல.”

“வளவா, ரோட்டப் பாத்து ஓட்டுபா!” என்று பின்சீட்டிலிருந்து அருணாதேவியின் குரல் அவசரமாக வந்தது.

வளவன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டேதான், இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, விரல் நகம் அளவில் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்து முருகவேலிடம் நீட்டினான்.

“மறந்தே பூட்டேன்ணே, இந்தாங்க உங்க ஹெட்லைட்டு ஃப்யூஸு ரெண்டும், ‘மச்சான் உசுரோட வந்து சேரணும், போய்க் கழட்டிட்டு வாடா’ன்னு பலராமண்ணன் போன வாரம் அனுப்பினப்போ நான்தான் கழட்டினேன், அண்ணிதான் டார்ச் அடிச்சாங்க.”